நான் அழித்த கேள்வி

நான் வேலை செய்த பால் கூட்டுறவுச் சங்கத்தின் முகநூல் பக்கம் என் பொறுப்புக்கு வந்ததற்கு ஒரே காரணம், அலுவலகத்தில் எல்லோரிலும் வயது குறைந்தவள் நான் என்பதுதான். பால் எடுக்கும் நேரம், பண்டிகை வாழ்த்து, அவ்வளவுதான் எழுதுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, வல்வெட்டித்துறைப் பெண் ஒருவர் தன் பக்கத்தில் எங்கள் யோகட் கப் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம். மகளுக்கு இரண்டு கரண்டி தீத்திய பிறகுதான் கண்டாராம். மத்தியானத்துக்குள் கனடாவில் இருப்பவர்கள்கூடத் திட்டினார்கள். பாலில் மாக் கலக்கிறோம் என்று யாரோ புதுக்கதை ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சுவிடு பிள்ளை, ரெண்டு நாளிலை மறந்துபோவினம்" என்றார் முகாமையாளர். எங்கள் பக்கத்தில் வந்த கொமென்ட்டுகளை வாசிக்காமலே அழித்தேன். சிலர் அவற்றை முன்பே படம் பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்பதே பேச்சானது. கடைகள் யோகட்டைத் திருப்பி அனுப்பின.

மறுநாள், படம் போட்ட பெண்ணிடம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகள் சுகமாக விளையாடிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"உங்கடை சங்கத்தை மூடவேணுமெண்டு நான் எழுதேல்லை. பயத்திலை எழுதினனான். சனம் எழுதிறதை இப்ப என்னாலையே வாசிக்கேலாமக் கிடக்கு" என்றார்.

திரும்பி வந்து விசாரித்தேன். முந்திய கிழமை மின்சாரம் நின்றபோது ஜெனரேற்றரும் வேலை செய்யவில்லை. குளிர் விட்டுப்போன யோகட்டை அப்படியே அனுப்பியிருந்தோம். முகாமையாளருக்கு அது தெரியும். நடந்ததைப் பக்கத்தில் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. மாடு வளர்க்கிற சனத்திலை பிழையில்லை எண்டும் எழுது" என்றார்.

எழுதினேன். முதலில் திட்டுத்தான் வந்தது. பிறகு உடுப்பிட்டியில் எங்களுக்குப் பால் தரும் பெண் ஒருவர் எழுதினார்: "நான் கறக்கிற பாலுந்தான் அதிலை போகுது. நாளைக்குப் பால் எடுப்பியளோ எண்டு நேற்றுக் கேட்டனான். அதையும் அழிச்சுப்போட்டியள்."

அதை வாசித்தபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எடுப்போம் என்று எல்லோரும் பார்க்கவே பதில் எழுதி, மன்னிப்பும் கேட்டேன். அதன் கீழே வந்தவர்களின் குரல் மெல்லத் தணிந்தது. வல்வெட்டித்துறைப் பெண் எங்கள் விளக்கத்தைத் தன் பக்கத்தில் பகிர்ந்து, மாக் கதை பொய் என்றும் எழுதினார்.

கடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, எல்லாம் இல்லை. மாவைப் பற்றி இன்றும் கேட்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வல்வெட்டித்துறைப் பெண்ணை எங்கள் விற்பனை நிலையத்தில் கண்டேன். பால் மட்டும் வாங்கினார். யோகட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். ஓம் என்றேன்.