நாலு கூறு மத்தி

இங்கே மத்தியை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். ஒரு பலகை, அதில் கோடு போட்ட ஸ்கேல், தலை முட்டுவதற்கு ஒரு கட்டை. மீனைப் படுக்க வைத்து வால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார்கள். அடுத்த மீன். அதையும் எழுதுவார்கள். முதல் நாள் பார்த்தபோது ஏதோ கெட்டுப்போன மீனுக்கு விசாரணை நடக்கிறது என்று நினைத்தேன். ஊரில் மத்தியை யாரும் ஒவ்வொன்றாகப் பார்த்தது கிடையாது. கூடையில் பார்ப்போம். அப்புறம் குழம்பில் பார்ப்போம்.

நான் இருப்பது ஓமனில், கடலோரம் ஒரு சின்ன ஊர். சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரை, கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பம். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் போட்டில் போனேன். வலை இழுக்கிற இயந்திரத்தில் கயிறு ஒரு வெட்டு வெட்டியது. வலது தோள் போனது. இப்போது அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. அர்பாப், அதாவது இங்கத்து முதலாளி, என்னை ஊருக்கு அனுப்பவில்லை. மீன் இறங்குகிற கொட்டகையில் மேஜை வேலை கொடுத்தார். மீன் பிரிப்பது, ஐஸ் போடுவது, தண்ணீர் அடிப்பது. கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் அவர்களுக்கு மீன் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை ஆனது. அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதால்தான் என்னை வைத்திருந்தார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்குப் போனாலும் இந்தத் தோளோடு வலை போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். இங்கே ஞாயிறு வேலை நாள். முதல் வருஷப் பிள்ளைகள், நாலு குழு. வாத்தியார் சூடான்காரர், நெட்டையான ஆள். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பாடத்துக்குப் புள்ளியியல் என்று பேராம். நம் பக்கத்துக் காலேஜிலும் உண்டு என்று பிறகு தெரிந்தது. கடல் முழுக்க இருக்கிற மத்தியை அளக்க முடியாது. கொஞ்சம் எடுத்து அளந்து மொத்தமும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். அதுதான் பாடம். எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. சோறு வெந்ததா என்று எல்லாப் பருக்கையையுமா நசுக்கிப் பார்க்கிறோம்.

முதல் வாரம் உஸ்தாத் என்னிடம் சொன்னது இதுதான். "குழுவுக்கு அம்பது மீன். எது வேணாலும் எடு. பார்க்காம எடு." அரபியில் சொன்னார், கையாலும் காட்டினார். புரிந்தது. ஆனால் எது வேணாலும் என்றால் நம் ஊரில் யாரும் எது வேணாலும் கொடுக்க மாட்டோம். வீட்டுக்கு வந்தவர் எது இருந்தாலும் போதும் என்பார். அதற்காக நேற்று மிஞ்சினதையா வைப்போம். படிக்கிற பிள்ளைகள், நாலு குழு. ஒருத்தருக்குப் பெரிசு, ஒருத்தருக்குப் பொடி என்று போனால் நன்றாக இருக்குமா? அதனால் கூறு போட்டேன்.

கூறு போடுவது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் நாலு பேர் சேர்ந்து வலை இழுத்தால் மீனைக் கரையில் கொட்டி நாலாகப் பிரிக்க வேண்டும். தராசு கிடையாது. ஒரு ஆள் கையாலேயே பிரிப்பான். ஒரு பெரிய மடவை இங்கே போனால் ஒரு பெரிய மடவை அங்கேயும் போகும். பெரிசு தீர்ந்துபோனால் ஒரு பெரிசுக்கு ரெண்டு சின்னது. எறாவும் அப்படித்தான். பிரித்து முடித்ததும் இன்னொருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு கூறாகத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டால் பார்க்காமலே ஒரு பேர் சொல்வான். எந்தக் கூறு தனக்கு வரும் என்று பிரிக்கிறவனுக்கே தெரியாது. அதனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் செட்டில் பதினெட்டு வருஷம் பிரித்தது நான். ஒரு நாளும் சண்டை வந்தது இல்லை. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. கையே செய்யும்.

கொட்டகையிலும் கையே செய்தது. நாலு ஐந்து கூடையிலிருந்து பொறுக்கி நாலு குவியல் வைத்தேன். பிள்ளைகள் அளந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். மூன்று ஞாயிறு இப்படிப் போனது. ஒவ்வொரு வாரமும் மேஜையைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. நாலு குவியலும் நாலு இட்லி மாதிரி.

நாலாவது ஞாயிறு உஸ்தாத் வரும்போதே முகம் சரியில்லை. நோட்டை மேஜையில் போட்டார். மர்யம் என்று ஒரு பெண், முதல் குழுவுக்குத் தலைவி. மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாத ஒரே ஆள் அவள்தான். அவளைப் பார்த்து, "எத்தனை மீன் அளந்தீங்க? நிஜத்தைச் சொல்லு" என்றார்.

"எல்லாத்தையும் அளந்தோம் உஸ்தாத்."

"நாலு குழுவுக்கும் சராசரி ஒண்ணு. மூணு வாரமும் இதே கதை. நாலு பேர் ஒரே கடலில் கை விட்டா நாலு விதமா வரணும். கொஞ்சமாவது ஆடணும். இது ஆடவே இல்லை. ஒரு குழு அளந்துச்சு, மத்த மூணும் பார்த்து எழுதிச்சு. இல்லைன்னா யாருமே அளக்கலை."

அவள், "அளந்தோம்" என்று மறுபடி சொன்னாள். பொய் எழுதினால் பூஜ்யம், பாடமே போகும் என்று அவர் சொன்னார். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரபி எனக்குப் பாதிதான் புரியும். இந்தப் பாதி நன்றாகப் புரிந்தது. சரியில்லாத கூறு போட்டு அடி வாங்கியவனைப் பார்த்திருக்கிறேன். சரியான கூறு போட்டதற்கு நாலு குழுப் பிள்ளைகளும் திட்டு வாங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். சொன்ன வேலையைச் செய்யாமல் இஷ்டத்துக்குச் செய்தான் என்று அர்பாப் காதுக்குப் போகும். கல்லூரி வராமல் நின்றுவிடும். கல்லூரி நின்றால் மேஜை இல்லை. மேஜை இல்லையென்றால் போட், இல்லையென்றால் டிக்கெட். குழாயை மூடினேன்.

"உஸ்தாத். பிள்ளைங்க இல்ல. நான் செஞ்சேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ எழுதினியா?"

"எழுதலை. மீன். நான் போட்டேன்."

"மீனை நீதான் போடறே. அதுக்கென்ன?"

வாயால் சொல்லி முடியாது என்று தெரிந்தது. ஒரு கூடையை இழுத்து மேஜையில் கவிழ்த்தேன். இடது கையும் பாதி வலது கையுமாக நாலு கூறு போட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முடித்ததும், "இப்ப அளங்க" என்றேன். பிள்ளைகள் அளந்தார்கள். மர்யம் கூட்டி வகுத்தாள். மற்ற மூன்று குழுவும் வகுத்தது. அவர் நாலு எண்ணையும் வாங்கிப் பார்த்தார். நாலும் ஒன்றுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. ஊர்ல கூறு கோணலா இருந்தா போடறவன் மூஞ்சி கோணலாயிடும்."

பின் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். உஸ்தாத் சிரிக்கவில்லை. மர்யமின் நோட்டை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன், அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "நீ நல்லவன். உன் மீன் கெட்டது. நீ கடலைத் திருத்தி எங்களுக்குக் கொடுத்துட்டே. எங்களுக்குத் திருத்தாத கடல் வேணும்" என்றார்.

அதைத்தான் அன்று முழுக்க யோசித்தேன். திருத்தாதது எது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஏரியில் எறா வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். முகத்துவாரத்துக்குக் கிட்டத்து இடம் நல்ல இடம். உள்ளே தள்ளிப் போனால் வெறும் சேறு. யாருக்கு எந்த இடம், எந்தெந்த நாள் முறை என்று வருஷா வருஷம் கோவில் முன்னால் சீட்டுக் குலுக்குவார்கள். பேர் எழுதின சீட்டை இறுக்கி மடித்துப் பானையில் போட்டு, ஊர்ப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பார். வந்தது வந்ததுதான். கூறில் அநியாயம் இருந்தால் அடிப்போம். சீட்டில் அநியாயம் வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வோம். ரெண்டும் எங்களிடமே இருந்தது. எதற்கு எது என்பதைத்தான் நான் மாற்றிச் செய்துவிட்டேன்.

மறுநாள் அர்பாப் வந்தார். விஷயம் போயிருந்தது. "காலேஜ் வரலைன்னா நீ போட்டுக்குப் போகணும்" என்றார்.

"தோளு, அர்பாப்."

"தோளு எனக்குத் தெரியாது."

அந்த மாசக் கடைசியில் என் விசா முடிகிறது. புதுப்பிக்கும் காகிதம் அவர் மேஜை டிராயரில் கிடந்தது. எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு வருவார்களா என்று தெரியாமலே தயார் செய்தேன். இறங்கின கூடைகளுக்குச் சாக்பீசால் எண் போட்டேன். பால்பவுடர் டப்பா ஒன்றைக் கழுவினேன். அதே எண்களைச் சீட்டில் எழுதி ஊரில் மடிக்கிற மாதிரி மடித்துப் போட்டேன். வேன் வந்தது. உஸ்தாத் டப்பாவைப் பார்த்து, "இது என்ன?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சீட்டு எடுத்தேன். பதினேழு. பதினேழாம் கூடையில் தண்ணீர் மொள்ளுகிற பிளாஸ்டிக் மக்கை விட்டு, பார்க்காமல் ஒரு மக்கு மீன் அள்ளி முதல் குழுவின் தட்டில் கொட்டினேன். மறுபடி டப்பா, மறுபடி மக்கு, அம்பது ஆகும்வரை. அப்படியே நாலு குழுவுக்கும்.

என் கைக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது குழுவுக்கு வந்ததெல்லாம் பொடி. பக்கத்துத் தட்டிலிருந்து நாலு பெரிசை நகர்த்திவிடக் கை போனது. இழுத்துக்கொண்டேன். மூன்றாவது குழுப் பையன், "இது அநியாயம்!" என்று கத்தினான். அன்றைக்குத்தான் உஸ்தாத் சிரித்தார். பலகையில் நாலு எண்களை எழுதினார். நாலும் வேறு வேறு. அதைச் சுற்றிக் கோடு போட்டு நெடுநேரம் பாடம் நடத்தினார். ஒரு வாரம் பார்த்தால் கோணல், நிறைய வாரம் பார்த்தால் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்றார்.

நான் எங்கள் ஊர்ச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். "எங்க நைனாவுக்குப் பத்து வருஷமும் சேறுதான் வந்துச்சு. சரியாவே இல்லையே உஸ்தாத்?"

"பத்து போதாது" என்றார்.

நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, அதற்கு மேல் வருஷம் இருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. அதனால் அவர் பாடம் தப்பு என்று ஆகாது.

சீட்டு எடுக்க இதே ஆள்தான் வேண்டும் என்று உஸ்தாத் கல்லூரியிலிருந்து அர்பாப்புக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். அர்பாப் டிராயரைத் திறந்தார். ரெண்டு வருஷம். மேஜை வேலை.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாலு வருஷம் சேர்ந்தாற்போல ஊரில் இல்லாதவன் சீட்டு பானையை விட்டு எடுக்கப்படும். ஒருத்தனுக்கு விழுந்த இடத்தில் இன்னொருத்தன் வலை கட்டக் கூடாது, கூடப் பிறந்தவனும் கூடாது. எனக்கு மூன்று முடிந்திருந்தது.

"இன்னாடா சொல்ற, ரெண்டு வருஷமா? சீட்ட எட்த்துடுவாங்கடா" என்றார் அண்ணன்.

"தெரியும்."

"ஒரு தபா வந்து நின்னுட்டுப் போயேன். மூஞ்சிய காட்டினா போதும்."

"லீவு கெடையாது."

"நைனா சீட்டுடா அது."

"அண்ணே, மூணு வருஷமா என் முறை வர்ற நாள்ல அந்த எடத்துல யார் வலை கட்டுறாங்க?"

"யாரும் கட்டல. சும்மாதான் கெடக்குது. தண்ணி வரும், தண்ணி போவும்."

"போன வருஷம் எந்த எடம் வந்துச்சு?"

"முகத்துவாரத்தாண்ட. உங்கிட்ட சொல்லலாமான்னு பார்த்தேன், வயித்தெரிச்சலா இருக்கும்னு உட்டுட்டேன்."

நைனாவுக்கு ஒரு முறைகூட வராத இடம். எனக்கு வந்து, அந்த நாளில் எறா அதுபாட்டுக்குப் போய்விட்டது. நான் அங்கே இருந்திருந்தாலும் இந்தத் தோளோடு கட்டியிருக்க முடியாது. என் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் வேறு ஒரு பேர் வந்திருக்கும். அந்த ஆள் வலை கட்டியிருப்பான்.

"இந்த வருஷமே எடுத்துடச் சொல்லு" என்றேன்.

"நாலாவது வருஷம் பாக்கி இருக்குதேடா."

"இருக்கிறவனுக்குத்தான் குலுக்கல். எடுத்துடச் சொல்லு."

"நீயா சொன்னேன்னு சொல்லட்டுமா, சட்டம்னு சொல்லட்டுமா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

எங்கள் ஊர்க் குலுக்கல் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அண்ணன் போனில் படம் அனுப்பினார். கோவில் வாசல், பானை, சுற்றி ஆட்கள். எத்தனை தலை என்று எண்ணிப் பார்க்கவில்லை. வேன் வந்துவிட்டது. மர்யம் டப்பாவை எடுத்துக் குலுக்கி என் முன்னால் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். அந்தப் பானையில் என் பேர் இல்லை. இந்த டப்பாவில் வெறும் எண்கள்தான், யார் பேரும் கிடையாது. கை மட்டும் உள்ளே இருந்தது.