தூங்குமூஞ்சி மரத்து நாகாத்தம்மன்

எங்கள் தெரு மேற்கே போய் முடிகிற இடத்தில் ஒரு தாங்கல், மழைத்தண்ணீர் தேங்குகிற சின்ன ஏரி, இருந்தது. அதன் கரையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அந்த மரத்தடியில்தான் என் இஸ்திரி வண்டி பல வருஷங்களாக நின்றது. கரி கனன்றுகொண்டிருக்கும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவனுக்கு நிழல்தான் கடை. நிழல் இல்லாவிட்டால் சித்திரை மாதத்தில் காலையில் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஒரு சட்டைகூடத் தேய்க்க முடியாது. எனக்கு ஆட்களோடு பேசவும் வராது. துணியை வண்டியில் போட்டுவிட்டுப் போவார்கள், நான் தலையாட்டுவேன். கோரைக்குள் நீர்க்கோழிகள் கத்திக்கொண்டிருக்கும். அந்த இடம் எனக்கு ஒத்துப்போயிருந்தது.

தாங்கல் பக்கம் அடுக்குமாடி வரப்போகிறது என்று தெரிந்தபோது நான் வருத்தப்படவில்லை. அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குடிவருவார்கள், தினம் ஒரு சட்டை போடுவார்கள் என்று நினைத்தேன். "அத்தினி ஊட்டுத் துணியும் உன்னாண்டதான் வரும்" என்றாள் என் மனைவி. வாடகை வீடு தேடி பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் அலைந்தவர்கள் நாங்கள். ஜனங்கள் எங்கேயாவது குடியிருக்கத்தானே வேண்டும்?

எங்கெங்கோ இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் லாரிகள் கொண்டுவந்து தாங்கலில் கொட்டின. தாங்கலில் பாதி பட்டா நிலம் என்றார்கள். அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று யாரும் காட்டவில்லை. பறவைகள் பறந்துபோய்விட்டன. பாம்புகளால் அப்படிப் போக முடியவில்லை, எங்கள் தெருவுக்குள் வந்தன. தடிமனான சாரை ஒன்று என் மரத்தின் வேர்ப் பொந்தில் தங்கிவிட்டது.

பிறகு ஒருநாள் மரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டார்கள். அடுக்குமாடிக்குப் போகும் பாதை அந்த வழியாக வருகிறதாம். அதைப் பார்த்த மறுநாளே என் மனைவி மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினாள். மூன்று செங்கல்லை நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். நாகாத்தம்மன் வந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னாள். எதிரே ஆட்டோ நிறுத்துகிறவர் சிரித்தார்.

"தூங்குமூஞ்சி மரத்துல எந்த ஊர்ல சாமி வந்துக்கீது?"

"உன்னக் கேட்டுகினா வரும் அண்ணாத்தே? அதுக்குப் புடிச்ச எடத்துல ஒக்காரும்" என்றாள் அவள்.

அது என் வண்டிக்காகச் செய்த தந்திரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு எரிய ஆரம்பித்தது. யாரோ ஒரு குழந்தைக்கு ஜுரம் இறங்கியது என்றார்கள். பால் வைத்தார்கள், முட்டை வைத்தார்கள். கொஞ்ச நாளில் என் மனைவியே வண்டிக்குப் பக்கத்தில் வரும்போது செருப்பைக் கழற்றினாள். கரிச் சாம்பலை வேரில் கொட்டக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். நான் வேறு இடத்தில் கொட்டினேன்.

மரம் வெட்ட ரம்பத்தோடு வந்தவர் செங்கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்மா இருக்கிற மரத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போனார். அன்றைக்கு நான் நிறையத் துணி தேய்த்தேன்.

அடுத்து கட்டடத்து மேனேஜர் வந்தார். சண்டைக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அம்மன் இப்படி வெயிலிலும் மழையிலும் இருக்கலாமா, காம்பவுண்டுக்குள்ளேயே கருங்கல்லில் கோயில் கட்டித் தருகிறோம் என்று பெண்களிடம் சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷம். என் மனைவிக்கும்தான்.

கோயில் கட்டி முடித்ததும் நல்ல நாள் பார்த்து பூந்தமல்லிப் பக்கமிருந்து பூசாரி ஒருவரை அழைத்துவந்தார்கள். மரத்தில் மஞ்சள் நூலைச் சுற்றி, அதன் மறுமுனையை ஒரு கலசத்தில் கட்டினார். அம்மன் நூல் வழியாகக் கலசத்துத் தண்ணீருக்குள் இறங்குவதாகச் சொன்னார். நூலை அறுத்தார். மேளம் முன்னால் போக, தெருவே கலசத்தின் பின்னால் போனது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜரே ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கேட்க வேண்டியதையெல்லாம் முந்தின நாளிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் ஒரு வார்த்தைதான் வந்தது.

"மரம்?"

"அம்மாவத்தான் மரியாதையா கூட்டிட்டுப் போயிட்டோமே அண்ணே. இனிமே அது வெறும் மரம்" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். கோயிலிலிருந்து திரும்பி வந்து பக்கத்தில் நின்ற என் மனைவி அவர் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே வந்தவள், அந்தக் கடைசிச் சொல்லில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே வெட்டினார்கள். முன்பு மறுத்துவிட்டுப் போனவரே வந்தார். இந்த முறை செருப்போடு ஏறினார். வேரைத் தோண்டும்போது சாரை வெளியே வந்தது. ஜேசிபி ஓட்டியவர் கம்பியால் அடித்துத் தூக்கிப் போட்டார். பால் வைத்தவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மரத்தை மரமாகவே காப்பாற்ற எங்களிடம் வழி இல்லாததால்தான் சாமியாக்கினோம். சாமியை எடுத்துக்கொண்டு போக அவர்களிடம் வழி இருந்தது.

அடுக்குமாடியில் ஆட்கள் குடிவந்தார்கள். தாங்கலுக்குப் போன மழைத்தண்ணீர் அந்த வருஷம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. கோடையில் நீலத் தார்ப்பாய் கட்டிப் பார்த்தேன். அதன் கீழே பெட்டிச் சூடும் வெயிலும் சேர்ந்து ஒருநாள் கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வீட்டிலேயே இருப்பேன். வெயில் சாய்ந்து கட்டடத்தின் நிழல் தெருவில் விழுந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். நிழல் நகர நகர நானும் நகர்வேன். இருட்டுவதற்குள் முடிந்தவரை தேய்ப்பேன். முன்பு தேய்த்ததில் பாதிகூட முடியவில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்துத் துணிகள் கொஞ்சம் வந்தன.

ஒரு சாயங்காலம் அங்கே வாட்ச்மேனாக இருப்பவர் வந்தார். எங்கள் தெருக்காரர்தான். வந்ததும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனச்சிக்காத நைனா. ரெண்டாவது மாடி அம்மாவுக்குக் கரிப் பொக ஒத்துக்கலையாம். எங்கனா மரத்தடியா பாத்துப் போட்டுக்கச் சொல்றாங்கோ."

நான் தலையாட்டினேன். கரியில் தண்ணீர் தெளித்து அணைத்தேன். தேய்க்காத துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு மரமும் இல்லை. வண்டியைத் திருப்பினேன்.