நல்லொழுக்கத்துக்கு அறுபத்தொரு மார்க்

சமோவாவில் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் பெனியமினா இருபது வருடமாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: தலைநகர் ஆபியாவுக்கு மாற்றல். பிள்ளைகள் கணக்கில் தேறினால்தானே அது கிடைக்கும்? கடைசியில் மனிதர் நல்லொழுக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குத்தான் பரீட்சை கிடையாதே!

"கீழ கிடக்கற பொருளை என் மேசைக்குக் கொண்டு வந்தா ஒரு மார்க்கு. ஆண்டு விழாவுல பரிசு!"

அவ்வளவுதான். ஊரில் பொருள்கள் மடமடவென்று தொலையத் தொடங்கின. ஜூலைக்குள் ஜோடிச் செருப்போடு நடந்தவர் எவருமில்லை. போதகரின் பல்செட் ஒரே வாரத்தில் மூன்று முறை கண்டெடுக்கப்பட்டது. மூன்றாம் முறை அது அவர் வாயிலேயே இருந்தது, மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

லுபே என்றொரு பெண் மட்டும் வழிதவறிய பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உரியவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

"அடி அசடே! மேசைக்கு வராததை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அது பசியில கத்திச்சு சார்."

"கத்தினா மார்க்கு வருமா? போ, போ."

லுபேக்குப் பூஜ்யம்.

விழாவில் ஊர்த் தலைவரின் மகள் ஃபுவாதினோ அறுபத்தொரு மார்க்கோடு முதல் பரிசு வாங்கினாள். உறவெல்லாம் ஆடிக்கொண்டே மேடையேறி, மூக்கு மறையும் வரை அவளுக்கு மிட்டாய் மாலை போட்டது. தலைமையாசிரியர் கழுத்தில் நான்கு. ஆபியாவிலிருந்து வந்திருந்த கல்வி அதிகாரி உருகிப்போனார்.

"எங்களுக்கு இப்படிப்பட்ட ஆளுதான்யா வேணும்!"

பெனியமினாவுக்குக் கண்கள் பனித்தன. அப்போது ஃபுவாதினோ ஒரு குடையோடு மறுபடியும் மேடைக்கு ஓடிவந்தாள்.

"அறுபத்திரெண்டு சார்!"

அதிகாரி குடையை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, இது என்னோடதாச்சே! எங்க கண்டெடுத்தே?"

"உங்க கார் பின்சீட்டுல. கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு."

கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விட அவள் அப்பாதான் பலமாகத் தட்டினார். அதிகாரி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைக்கடிகாரம் இருக்கிறதா என்று மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பெனியமினா, நீங்க இங்கயே இருங்க. ஆபியாவுல எங்க வீட்டுக்குப் பூட்டு கிடையாது."

தலைமையாசிரியர் தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு மிட்டாயைப் பிய்த்து, காகிதத்தோடேயே வாயில் போட்டுக்கொண்டார்.