கப்பல் வந்தால்தான் ஆட்டம்

சுதந்திரம் வந்த மறு வருடம், கல்லூரி திறந்த இரண்டாவது திங்கட்கிழமை, எங்கள் அறிவிப்புப் பலகையில் "இவ்வாண்டுக்கான பேஸ்பால் அணி" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஆட்டக்காரர்கள் பதினோரு பேர், பயிற்சியாளர்கள் இரண்டு பேர், புள்ளி எழுதுபவர் ஒருவர். அந்தக் கடைசி ஆள் நான். விளையாட்டில் எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் எந்த நாளில் என்ன நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஆகையால் நான் சொல்லும் கிழமைகளை நம்பலாம். மற்றவற்றை ஓரளவு நம்பலாம்.

பேஸ்பால் எங்களிடம் வந்தது எங்கள் டிரில் மாஸ்டரின் அவசரத்தால். யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன சாமான்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏலத்துக்கு வந்தன. கால்பந்துகள் என்று நினைத்து ஒரு பெட்டியைத் திறந்து பார்க்காமலே எடுத்துவிட்டார். உள்ளே உருண்டைத் தடிகள், சிறிய வெள்ளைப் பந்துகள், முகத்துக்கு ஒரு கம்பிக்கூடு, பன்னிரண்டு தோல் கையுறைகள். பன்னிரண்டும் இடது கைக்கானவை. வலது கைப் பெட்டியை வேறு யாரோ ஏலத்தில் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தண்டையார்பேட்டை கிடங்குகளில் இரண்டு வாரம் விசாரித்து அலைந்தார்.

அவரைக் காப்பாற்றியவர் இரண்டாவது பயிற்சியாளர், எங்கள் ரசாயனக்கூட உதவியாளர். யுத்த காலத்தில் ஓர் அமெரிக்க முகாமில் குமாஸ்தாவாக இருந்தவர். தம் ஜன்னல் வழியே தினமும் பேஸ்பால் பார்த்தவர். ஒரு கைக்கு ஒரு கையுறைதான் என்று அவர் சொன்ன பிறகே அலைச்சல் நின்றது. ஆனால் அந்த ஜன்னலிலிருந்து மைதானத்தின் இடது பாதி மட்டும்தான் தெரியுமாம். வலது பாதியில் நடப்பதை அவர் ஊகித்துச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் அணி கடைசிவரை இடது பக்கம் பலமாகவும் வலது பக்கம் பக்தியோடும் ஆடியது.

அணித்தலைவன் காலடிப்பேட்டைக்காரன்; கிரிக்கெட்டில் ஊறியவன். பந்தை அடித்தால் தடியைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அவனுக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. "தடியைப் போடறதுக்கு நான் என்ன திருடனா?" என்பான்.

இன்னொருவனைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். ராயபுரம் கடற்கரைக் குப்பத்துப் பையன், எங்கள் வகுப்பு. அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். விடியுமுன் அப்பாவோடு கட்டுமரத்தில் போய், பத்து மணிக்குக் கரை சேர்ந்து, பதினொன்றுக்கு வகுப்புக்கு வருவான். காலை வகுப்புகளுக்கு வருகை இல்லை. மார்கழி முடிவில் கூட்டிப் பார்த்ததில், பரீட்சை எழுதுவதற்கு அவனுக்கு ஆறு நாள் குறைந்தது.

கல்லூரிக்காக ஓர் ஆட்டம் ஆடினால் இரண்டு நாள் வருகை உண்டு. முதல்வர் அதற்கு நிபந்தனை போட்டிருந்தார்: இரு பக்கமும் ஒன்பது பேர், முழு ஆட்டம், இரு தரப்புத் தலைவர்களின் கையெழுத்து. முந்தைய ஆண்டு கால்பந்து அணி, வராத அணியோடு நான்கு முறை ஆடியதாக எழுதியிருந்ததன் பலன் அது.

ஆகவே அவனுக்கு மூன்று ஆட்டம் வேண்டும். எங்களுக்குத் தெரிந்து பட்டணத்தில் வேறு பேஸ்பால் அணி கிடையாது. துறைமுகத்துக்கு வரும் அமெரிக்கச் சரக்குக் கப்பல்களின் மாலுமிகள்தான் எதிரணி. தினமும் காலையில் வாசக சாலையில் பத்திரிகையின் கப்பல் வருகைப் பட்டியலைப் பார்ப்பது என் வேலை. கப்பல் வந்தால் இரண்டு பயிற்சியாளர்களும் துறைமுக வாசலில் போய் நிற்பார்கள். அதுவரை வந்த கப்பல்களில் பாதி கிரேக்கருடையவை. மீதியில் பாதிப் பேருக்கு எங்களைப் பிடிக்கவில்லை.

முதல் ஆட்டம் தை மாதத்து ஒரு புதன்கிழமை, ரயில் பாதையை ஒட்டிய மணல் மைதானத்தில் நடந்தது. மணல் நிரப்பிய கோணிச் சாக்குகள் நான்கு மூலைகளில். முப்பத்தொன்றுக்குப் பூஜ்யம். தாளில் கட்டம் தீர்ந்துபோய்ப் பின்பக்கத்தில் எழுதினேன். எங்கள் தலைவன் ஒரே ஒரு பந்தை அடித்து, தடியும் கையுமாக ஓடி, காலால் மிதிக்க வேண்டிய சாக்குக்கு இரண்டடி முன்பே தடியை நீட்டி அதைத் தொட்டுவிட்டு, வெற்றியோடு நின்றான். மாலுமி ஒருவன் நிதானமாக வந்து அவன் முதுகில் பந்தால் தட்டி அவுட் ஆக்கினான்.

ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்த குப்பத்துப் பையன், ஓடிப் பொறுக்கிய பந்தை அங்கிருந்தே எறிந்தான். பந்து தரையைத் தொடாமல் கம்பிக்கூடு மாட்டியவன் கையில் வந்து விழுந்தது. மாலுமிகள் ஆட்டத்தை நிறுத்திக் கை தட்டினார்கள்.

"எங்கடா கத்துக்கிட்ட?" என்றார் டிரில் மாஸ்டர்.

"எதிர்காத்துல மரத்துலேந்து கரைக்குக் கயிறு வீசுவோம் சார். இது இன்னா, எலுமிச்சங்கா மாதிரி கீது."

அன்றிலிருந்து பந்து எறிபவன் அவன்தான். இரண்டாவது கப்பலிடம் ஒன்பதுக்கு ஐந்து என்றுதான் தோற்றோம். மூன்றாவது கப்பலை வென்றுவிடுவோம் என்று டிரில் மாஸ்டர், கல்லூரி ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டிய அறிக்கையை முன்கூட்டியே எழுதிவிட்டார். நான் அதற்குச் சுத்தப் பிரதி எடுத்தேன்.

மூன்றாவது கப்பல் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை கிளம்பிவிடும். சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தவர்கள் எட்டே பேர். அவர்களுடைய எறிகாரனின் விரல் பாரம் தூக்கும் எந்திரத்தில் நசுங்கிவிட்டதாம். ஓர் ஆள் கொடுங்கள், எறியத் தெரிந்தவனாக என்றான் அவர்கள் தலைவன். எங்கள் உபரி ஆட்கள் இருவரையும் எறியச் சொல்லிப் பார்த்தான். ஒருவனுடைய பந்து ரயில் பாதைக்கு அப்பால் போயிற்று. மற்றவனுடையது ரசாயனக்கூட உதவியாளரின் முழங்காலுக்குப் போயிற்று.

எல்லாரும் குப்பத்துப் பையனைப் பார்த்தோம். அவன் அந்தப் பக்கம் போனால் கல்லூரிக்காக ஆடியவன் ஆகமாட்டான். போகாவிட்டால் ஆட்டமே இல்லை. இரண்டிலும் அவனுக்கு அந்த இரண்டு நாள் போச்சு.

டிரில் மாஸ்டர் சட்டைப்பையில் இருந்த அறிக்கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ போடா. ஆட்டம்னு ஒண்ணு நடக்கட்டும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவன் போனான். போனவன் எங்களை ஒழித்துக்கட்டினான். "மாமு, கண்ணத் தொற! பந்து வருது, சலாம் வை!" என்று கூவிக்கொண்டே எறிந்தான். எங்கள் தலைவனிடம், "கட்டைய இறுக்கிப் புச்சிக்கோ நைனா, காத்துல பூடப்போவுது" என்றான். ஏழுக்கு ஒன்று. நான் அவன் பெயரைக் கப்பல் பக்கத்தில், ஒன்பதாவது வரிசையில், மையால் எழுதினேன்.

"நம்ம பக்கத்துல எழுதுய்யா. யார் பார்க்கப் போறா?" என்றார் உதவியாளர். எழுதியாகிவிட்டது என்றேன். அவர் அன்று என்னோடு பேசவில்லை.

கையெழுத்து வாங்கும் நேரத்தில் பையனின் அம்மா மீன் கூடையோடு ஓடி வந்தாள். மகன் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து கூத்தடிப்பதை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாயா வாத்தியாரே! எம் புள்ளைய கப்பலுக்குக் குடுத்துட்டியாமே! காலைல கெளம்புதாமே!"

"அம்மா, ஒரு சாயங்காலத்துக்குத்தான்..."

"ஒரு சாயங்காலத்துக்குக் குடுக்க அவன் இன்னா மழைக் கொடையா? அவன் பரீட்ச எழுதோணும்யா! அவன் அப்பன் ஊரெல்லாம் சொல்லிகினு கீறான்!"

"யம்மோவ், நான் இங்கதான் கீறேன். கத்தாத" என்றான் மகன். அவள் நம்புவதற்கு அவன் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பதினொன்றேகாலுக்கு முதல்வர் அறையில் நின்றோம்: டிரில் மாஸ்டர், பையன், நான். முதல்வர் என் தாளை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

"இவன் பெயர் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது?"

"அந்தப் பக்கம்தான் ஆடினான் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கல்லூரியைத் தோற்கடித்தவன், கல்லூரிக்காக ஆடியதாக நாள் கேட்கிறான். தானாகப் போனானா, யாராவது அனுப்பினார்களா?"

தானாகப் போனான் என்று சொன்னால் டிரில் மாஸ்டரின் பெயர் தப்பித்துவிடும். வருடத்தில் கிடைக்கவிருந்த ஒரே வெற்றியைக் கையால் தூக்கிக் கொடுத்தவர் என்ற பேச்சு வராது. அவர் காலை மாற்றி நின்றார். ஜன்னலைப் பார்த்தார். பையன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அனுப்பினேன். ஆள் குறைஞ்சா ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லேன்னா இந்தப் பையனுக்குப் பரீட்சை இல்லை. ஜெயிக்கறதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு அனுப்பிட்டேன்."

முதல்வர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். வந்தவன், முதல்வர் காலையில் தபாலாபீசுக்கு அனுப்பிய இன்னொரு பியூன் இன்னும் வரவில்லை என்றான்.

"அவனுக்கு இன்று ஆப்சென்ட் போடலாமா?" என்று முதல்வர் என்னைக் கேட்டார்.

"அவரை நீங்கள்தானே அனுப்பினீர்கள் ஐயா."

"அதுதான்" என்று சொல்லி, தாளின் ஓரத்தில் இரண்டு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிரில் மாஸ்டரிடம், "ஏழுக்கு ஒன்று என்பதை விழாவில் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் டிரில் மாஸ்டர் பையனின் முதுகில் ஒரு அறை விட்டுவிட்டுப் போனார். அது பாராட்டா கோபமா என்று நான் எழுதி வைக்கவில்லை. பையன் என்னோடு அறிவிப்புப் பலகை வரை வந்தான். அங்கே பரீட்சைக் கால அட்டவணை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"இன்னாபா இது, பேஜாரா பூடுச்சு" என்றான். "இப்ப நெஜமாவே படிக்கோணுமா?"

அன்று மதியமே காலை வகுப்புக் குறிப்புகளை எல்லாம் அவனுக்குக் கொடுத்தேன். அவன் நூலால் கட்டி, கமகமவென்று மீன் வாசனையோடு பதினெட்டாம் நாள் திருப்பித் தந்தான். தேறிவிட்டான். இங்கிலீஷில் மட்டும் என்னைவிட ஐந்து மார்க் அதிகம்; அதற்குக் கப்பல்காரர்களோடு பேசியதுதான் காரணம் என்று இன்றுவரை சாதிக்கிறான்.