சைக்கிள் பட்டியலில் இல்லாத பெயர்

கேட்டவருக்குத் தகவல் கொடுக்காவிட்டால் அபராதம், குழந்தையைப் பற்றிக் கொடுத்துவிட்டால் பாவம். பெங்களூரில் ஒரு கல்வி அலுவலகத்தின் தகவல் அதிகாரி நாற்காலி என்பது இவ்வளவுதான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்குப் புரியும்.

பக்கத்து வீட்டு மார்க்

தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது. ஆஸ்டின் டவுன்காரர் ஒருவர் மனு எழுதி, பக்கத்து வீட்டுப் பையனின் கணக்கு மார்க்கைக் கேட்டார். பையன் படிப்பது ஏழாவது. அது அவன் சொந்த விஷயம், தர முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அவங்கம்மா தொண்ணூறுன்னு சொல்றாங்க சார். அதைக் கேட்டு எம் பையன் தெனமும் வீட்ல ஒதை வாங்குறான். மார்க்கு வேணாம், அந்தம்மா சொல்றது நெஜமா பொய்யா, அதை மட்டும் சொல்லுங்க."

சுவரில் ஒட்டும் விதி

எட்டாவது பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. யாருக்குக் கொடுத்தோம் என்று பெயர், பள்ளி, விலாசத்தோடு அலுவலகச் சுவரில் ஒட்டியாக வேண்டும். பொம்மனஹள்ளியில் தையல் ஃபேக்டரிக்குப் போகும் செல்வி, தன் மகள் பெயரை மட்டும் ஒட்டாமல் விடச் சொன்னார். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடமிருந்து மகளோடு தப்பி வந்தவர். அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். பெயர் ஒட்டாமல் சைக்கிள் கொடுத்தால் ஆடிட்டில் மாட்டுவோம் என்று அவருக்குப் பயம். "பேக்கா, பேடவா, கேட்டு எழுதிக்கோ" என்றார்; வேணுமா வேணாமா என்று கன்னடத்தில். வெளியே வந்து இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. செல்வி வாசலில் நின்ற புது சைக்கிள்களைப் பார்த்தார். "வேணாம்னே எழுதிக்குங்க சார். நடந்து போற புள்ளைய யாரும் செவுத்துல ஒட்ட மாட்டாங்க இல்ல?"

பெற்றவன் வந்தான்

பட்டியல் ஒட்டிய கொஞ்ச நாளில் அந்தப் புருஷன் வந்தான். மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று மனு. கோர்ட் உத்தரவு இல்லாமல் தர இயலாது என்று எழுதிக் கொடுத்தேன். முறைத்துவிட்டு வெளியே போனவன் சுவரைப் பார்த்துவிட்டான். பெயர் அதில் இல்லை என்று தெரிந்தும் நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தேன். விரலை வைத்து வரிவரியாகக் கடைசிவரை படித்தான். திரும்பி வந்து என் மேஜையைத் தட்டினான்: "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சைக்கிள் குடுத்துக்கீறீங்க. எம் பொண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

அவன் கேட்டதில் நியாயமான கேள்வி அது ஒன்றுதான். அதற்கும் தர இயலாது என்றே பதில் எழுதினேன்.