வலிக்காத வாய்

என் நாற்பது வயதுகளில் மாட்டுங்காவில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை, குடியிருப்பு தாராவி. நெற்றியில் திருநீறும் கன்னத்துக்குள் புகையிலையும் இல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பட்டறைக்குத் தமிழ் டாக்டர் ஒருவர் வந்தார். புகையிலை போடுகிறவர்கள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து வாயைக் காட்டலாம் என்றார்.

“எனக்கு வலியே இல்லையே” என்றேன்.

“அதனாலதான் கூப்பிடுறேன். புற்று வலிக்க ஆரம்பிக்கிறப்ப நாள் கடந்திருக்கும்.”

“பாத்தா எல்லாம் தெரிஞ்சிருமா?”

“தெரியாமலும் போகலாம். சந்தேகம்னா துளி சதை எடுத்துப் பார்ப்போம். அதுல ஒண்ணுமில்லாமலும் போகலாம். யோசிச்சு வாங்க.”

பக்கத்து மிஷின்காரர் சிரித்தார். “வலிக்காத வாயக் காட்டப் போறீராவே? சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரில்லா இருக்கு!”

வீட்டில் சொன்னேன். “பாக்கத்தான போறாக, போய்ட்டு வாங்களேன்” என்றாள் மனைவி. எனக்குப் பயம்கூட வரவில்லை. மரத்துக் கிடந்தது. பார்த்தால் இருக்கும், பார்க்காவிட்டால் இருக்காது என்று மனசு அதுவாக முடிவு கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, “முருகன்ட்ட பூக்கட்டிக் கேப்போம்” என்றேன். வெள்ளை அரளி வந்தால் போவது, சிவப்பு வந்தால் வேண்டாம். காகிதத்தில் இரண்டு பொட்டலம் கட்டியது நான். படத்துக்கு முன்னால் போட்டுக் கும்பிட்டோம். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

அவள் முகம் சுருங்கிவிட்டது. சாமிக்கு வைத்த பூவைக் காகிதத்தோடு எறியக் கூடாதென்று மற்றதையும் பிரித்தாள். அதிலும் சிவப்பு.

“என்னை ஏமாத்துனா போகுது. அவனையுமா?”

சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருக்கும். போடவில்லை. படத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து, “நாளைக்குப் போறேன்” என்றேன். எத்தனை சஷ்டி பட்டினி கிடந்தவன் நான்.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். புகையிலை அடக்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. துளி சதை எடுத்தார். சில நாள் கழித்துச் சொன்னார்: “இப்ப புற்று இல்லை. ஆனா புகையிலைய விட்டுடணும். அப்பப்ப வந்து காட்டணும்.”

சந்தோஷம் வரவில்லை. “சரி” என்றேன்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி கை நீட்டினாள். அந்த ஞாயிறு முதல் நான் திறக்காத புகையிலை டப்பாவைக் கொடுத்தேன். திறந்தாள். நான் ஒளித்த வெள்ளை அரளி புகையிலைமேல் சருகாகக் கிடந்தது.

பூவை மட்டும் எடுத்துப் படத்தடியில் வைத்தாள். டப்பாவை வெளியே கொண்டுபோனாள். நான் கும்பிட்டு நின்றேன். என்ன வேண்டினேன் என்று ஞாபகமில்லை.