சிஸ்டர் லீமாவின் சும்மா இருக்காத கை

மண்ணெண்ணெய் வாசனை வந்தால் இன்றைக்கும் போதும். ஒரு பழைய பம்ப் ஸ்டவ், அதன் மேல் சின்ன எவர்சில்வர் பாத்திரம், அதில் பால்... சுற்றி நாங்கள் நான்கு பேர் மூச்சு விடாமல் நின்ற அந்தத் திங்கட்கிழமை காலைதான் ஞாபகம் வரும்.

கோயமுத்தூரில் ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு லைன் வீடு. வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வாசல்.

அப்போது நான் ஏழாவது போக வேண்டும். அப்பா எங்களை விட்டுப் போன பிறகு இருந்த வாடகை வீடும் போனது. அம்மாவும் நானும் கொஞ்ச நாள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தோம். அங்கிருந்து எங்களைக் கூட்டிப் போனவர்கள் கன்னியாஸ்திரிகள். அவர்களுடைய இல்லத்தில் சுடுசோறு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. இடம்தான் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் என்னை ஈரோட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டலுக்கு அனுப்புவதாகப் பேச்சு.

அம்மா இங்கே, நான் அங்கே...

தூங்கும்போது என் பாவாடை நுனியைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டுதான் அம்மா படுப்பாள். பஸ் ஸ்டாண்டில் வந்த பழக்கம். இல்லத்துக்கு வந்த பிறகும் விடவில்லை.

வீடு தேடி அலைந்தோம். "கூட ஆம்பள யாரும் இல்லீங்களா?" என்பார்கள். "அப்பறம் சொல்லி உடறேனுங்க" என்பார்கள். எங்கள் ஊர் மரியாதையைச் சும்மா சொல்லக் கூடாது. இல்லை என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள்!

கடைசியில் ரங்கம்மா என்ற வீட்டுக்கார அம்மா சரி என்றார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் கோயமுத்தூர்த் தமிழ். ஒரே ஒரு நிபந்தனை.

"எம் முன்னாடி பால் காய்ச்சோணும். ராகு காலத்துக்கு முந்தி, நல்லாப் பொங்கி வழியோணும். போன தடவ குடி வந்தவங்க பொங்கறதுக்குள்ள எறக்கிப்போட்டாங்க. வருசம் திரும்பலீங்க... அந்த ஊட்டு ஆம்பள போய்ச் சேந்துட்டாரு."

வழக்கமாக வீடு பார்த்துக் குடி வைக்கும் சிஸ்டருக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக எங்களோடு வந்தவர் சிஸ்டர் லீமா. நாகர்கோவில்காரர். இல்லத்தின் சமையலறை அவர் ராஜ்யம். அங்கே பால் தானமாக வரும், குழந்தைகளுக்கே பற்றாது. ஒரு சொட்டு வழிந்தாலும் அன்றைக்கு இடி மின்னல்தான்.

இப்போது புரிந்திருக்குமே...

பால் நுரை கட்டியது. விளிம்புக்கு ஏறியது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ரங்கம்மா கை கூப்பினார்.

சிஸ்டர் லீமா சட்டென்று கையை நீட்டிப் பாத்திரத்தை இறக்கிவிட்டார்! ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முகத்தில் பெருமை வேறு.

வெறும் ஸ்டவ் புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க சிஸ்டர்... என்னங்க இப்பிடிச் செஞ்சுபோட்டீங்க?" ரங்கம்மா கூப்பிய கையைப் பிரித்தார். "எனக்கு மனசு ஒப்பலீங்க. கோவிச்சுக்காதீங்க. ஊடு வேண்டாமுங்க."

அம்மா அழவில்லை. அவிழ்க்காமல் வாசலிலேயே கிடந்த எங்கள் துணி மூட்டையைக் குனிந்து எடுத்தாள். அதைப் பார்த்ததும் ஹாஸ்டல் என் கண் முன்னால் வந்து நின்றது.

"மூட்டையைக் கீழ வைங்க" என்றார் சிஸ்டர். பிறகு ரங்கம்மாவிடம் திரும்பினார். "தப்பு என் கை செஞ்சதும்மா. இவங்க மேல ஏத்தாதீங்க. ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குல்லா? புதுப் பால் வாங்கிட்டு வந்திடுதேன்."

பதிலுக்கு நிற்கவில்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கன்னியாஸ்திரி ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை போலிருக்கிறது. எல்லா வாசலிலும் தலைகள். ரங்கம்மா கடிகாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான காத்திருப்பு என் வாழ்க்கையில் பிறகு வரவேயில்லை.

சிஸ்டர் பால் பாக்கெட்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மறுபடி பாத்திரம் ஏறியது, மறுபடி நுரை கட்டியது. சிஸ்டரின் விரல்கள் துடிக்கத் தொடங்கின.

"அம்மா, என் கையைக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க. என்னால முடியாது, அது தானாப் போயிடும்."

ரங்கம்மா ஒரு நொடி திகைத்தார். பிறகு சிஸ்டரின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முணுமுணுவென்று ஜெபம் சொன்னார். பால் ஏறியது... பொங்கியது... நாலா பக்கமும் வழிந்து ஸ்டவ்வையே அணைத்துவிட்டது.

"பொங்கிருச்சுங்க சிஸ்டர்! கண்ணத் தொறங்க!"

பிடித்த கையை ரங்கம்மா உடனே விடவில்லை. அம்மா அப்போதுதான் அழுதாள்.

அன்றைக்கு ராத்திரி என் பாவாடையை முந்தானையோடு முடிந்துகொள்ளாமல் தூங்கினாள்.

ரங்கம்மா இப்போது இல்லை. லைன் வீடுகளும் இல்லை, அந்த இடத்தில் அபார்ட்மென்ட். இந்தக் காலத்தில் வீடு தேடுவது ஆப்பில்... 'ஃபேமிலி ஒன்லி' என்று ஒரே வரி. ஒரு 'ங்க' கூடக் கிடையாது.

நேற்று சிஸ்டர் லீமா போன் செய்தார். நன்றாக வயசாகிவிட்டது, ஆனாலும் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இல்லத்திலிருந்து யார் குடி போனாலும் பால் காய்ச்ச அவரும் போய்விடுவார்.

"உங்க மாடி காலியாமே? இங்க ஒரு அம்மாவும் மகளும் இருக்காங்க. அந்தப் பிள்ளை தாயை விட்டு நகர மாட்டேங்குது... ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சலாமா? என் கை இன்னும் திருந்தல. வீட்டுக்காரி யாராவது பிடிச்சிக்கிடணும்."

வீட்டுக்காரி நான்தான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனை வாங்கினாள்.

"வாங்க சிஸ்டர்... நாங்க புடிச்சுக்கறமுங்க."